ஆகோளும் விண்போரும்: வெட்சித் திணை வழி ஒரு பணிவகை

தொல்காப்பியப் புறத்திணையியலை நாம் பெரும்பாலும் புறநானூற்றுப் பாடல்களுக்குத் திணையும் துறையும் காணும் கருவியாகவே கையாண்டு வருகின்றோம். ஒரு பாட்டை எடுத்து, இது வெட்சியா, கரந்தையா, இதன் துறை யாது என வினவி, விடை கண்ட அளவில் நூலை மூடிவிடுகின்றோம். புறத்திணையியல் பாட்டிற்கு இலக்கணம் என்பது உண்மையே. ஆயினும் அது, போர் என்னும் செயலைத் தொடக்கம் முதல் இறுதிவரை நிரல்படப் பகுத்துக் காட்டும் செயலிலக்கணமும் ஆகும் என்பது எம் கருத்து. இக்கருத்து உண்மையாயின், பாட்டு அல்லாத பிறிதொரு கலையிலும் அவ்விலக்கணம் பயன்படுதல் வேண்டும். இதனை ஆய்தற்கு ஈண்டு எடுத்துக்கொண்ட கலை, பலர் இணையவழிக் கூடி ஆடும் விண்போர் விளையாட்டு ஆகும். அவ்விளையாட்டிற்குப் புதியதொரு பணிவகை வகுக்க வேண்டுமாயின் வெட்சித் திணை நமக்கு என்ன கற்பிக்கும் என்பதே இக்கட்டுரையின் வினா. தேனி மாவட்டத்தில் வெளிப்பட்ட நடுகல் ஒன்று இவ்வாய்வுக்குத் தலையாய சான்றாகும்.

பணியும் துறையும்

ஆடுவோனுக்கு ஒரு நோக்கமும் இடமும் பகையும் பரிசும் வகுத்துக் கொடுத்து, அவனை ஒரு செயலுக்கு விடுப்பது பணி எனப்படும். அமைப்பு மாறாமல், இடமும் பகையும் மட்டும் மாறிப் பன்முறை வருவது பணிவகை. பணிவகைக்கும் பணிக்கும் உள்ள உறவு, துறைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவை ஒத்தது. புலவன் துறையைப் படைப்பதில்லை. துறையினுள் நின்று பாடுகிறான். அவ்வாறே ஆடுவோனும் பணிவகையினுள் நின்று ஆடுகிறான். துறைகளை வாய்மொழிப் பாணர் மரபின் பொதுக் கூறுகளாகக் கண்டு, பேராசிரியர் க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் ஆராய்ந்துள்ளார். ஒரு துறை பலர்க்கும் பொதுவாய் நின்று, ஒவ்வொருவர் கையிலும் புதிதாய்ப் பிறக்கும் என்னும் அவ்வுண்மை விளையாட்டிற்கும் பொருந்தும்.

விண்போர் விளையாட்டின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறின் அமையும். 1962-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசலும் அவர் தோழர்களும் அமைத்த ‘ஸ்பேஸ்வார்’ என்னும் ஆட்டத்தில் இரு கலங்கள் ஒரு விண்மீனைச் சுற்றிப் பொருதன. அங்கே போர் உண்டு, பணி இல்லை. 1984-இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இருவர் படைத்த ‘எலைட்’ வாணிகத்தையும் வழிப்பறியையும் போருடன் சேர்த்தது. 1990-இல் வெளிவந்த ‘விங் கமாண்டர்’ பணிகளைக் கதைத் தொடராகக் கோத்தது. 2003-இல் ஐஸ்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’ பல்லாயிரவரை ஒரே விண்ணுலகில் கூட்டிற்று. வழித்துணையாதல், காவற்சுற்று, குறித்த பகைவனைக் கொல்லல், சரக்குச் சேர்த்தல், நிலையம் காத்தல் என்பன இத்தகைய விளையாட்டுகளில் பெருவழக்காய் வரும் பணிவகைகள்.

பணிவகைகளின் குறை

இப்பணிவகைகளை வெட்சித் துறைகளோடு ஒப்பிட்டு நோக்குவார்க்கு மூன்று குறைகள் புலப்படும். முதலாவது, ஒவ்வொரு பணியும் பரிசோடு முடிந்துவிடுகிறது. பரிசு பெற்ற பின் அச்செயல் உலகில் எத்தடமும் விடுவதில்லை. இரண்டாவது, பணியில் எதிர்ப்படும் பகைவர் பெரும்பாலும் எந்திரத்தால் இயங்குவோர். வீழ்வதற்கென்றே தோன்றி வீழ்வர். அதே பணியைப் பின்னொரு நாள் ஏற்பின், அதே கள்வர் அதே இடத்தில் நிற்கக் காணலாம். மூன்றாவது, ஒரு பணி மற்றொரு பணியை ஈன்று தருவதில்லை. கவர்ந்தார்மேல் மீட்பார் எழுதல் என்னும் தொடர்ச்சி அங்கு இல்லை.

இக்குறை விளையாட்டு முழுமைக்கும் உரியதன்று, பணிவகைக்கே உரியது என்பதை உணர்தல் வேண்டும். அதே ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டில் ஆடுவோர் தாமே கூட்டம் சேர்த்துப் பொருத போர்கள் வேறு தன்மையன. 2014 சனவரி 27-ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ 21 மணி நேரம் நடந்த பெரும்போரில் 7,500-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். டைட்டன் என்னும் மாபெருங் கலங்கள் 75 அழிந்தன. ஒரு விண்பகுதியின் உரிமைக்குச் செலுத்த வேண்டிய தொகை உரிய நாளில் செலுத்தப்படாது போனதே அப்போரின் தொடக்கம். போர் முடிந்தபின் அவ்விடத்தில் சிதைந்த கலங்களின் உருவங்களை நிலையான நினைவுச் சின்னமாக நிறுவனமே நிறுத்திற்று. அதற்கு முன்னரே, ஆடுவோர் சிலர் மோலியா என்னும் விண்பகுதியில் பெயர் பொறித்த கொள்கலன்களை வரிசையாக மிதக்கவிட்டு ஓர் ஈமப்புறங்காடு அமைத்திருந்தனர். அவ்வாறு செய்க என அவர்களுக்கு எப்பணியும் விதிக்கவில்லை, பரிசும் இல்லை. மக்கள் உள்ளம் விரும்பிச் செய்த ஒன்றைப் பணிவகை வகுத்தார் காணாது விட்டனர் என்பதே இதனால் அறியப்படும்.

ஓர் விலக்கைக் குறிப்பிடுதல் நேர்மை. ‘விங் கமாண்டர்’ ஆட்டத்தில் உடன் பறந்த தோழன் வீழ்ந்தால், அவனுக்கு இறுதிச் சடங்கு செய்யும் காட்சி ஒன்று வரும். அவன் மீண்டும் வாரான். ஆயினும் அக்காட்சி ஆடுவோன் காண்பது, அவன் செய்வதன்று. காட்சியாகக் காண்பதற்கும் தன் கையால் கல் எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

வேந்துறு தொழிலும் தன்னுறு தொழிலும்

வெட்சியைப் பற்றிய பழைய உரைப்பூசல் ஒன்று ஈண்டு நமக்கு உதவுகிறது. தொல்காப்பியர், வேந்தனால் விடுக்கப்பட்டோர் பகைப்புலத்து ஆநிரையைக் களவினால் கொணர்ந்து ஓம்புதலே வெட்சி என்பர். பன்னிரு படலமோ வேந்தன் ஏவலால் செய்வது, தானே மேற்கொண்டு செய்வது என இரண்டாகப் பகுக்கும். புறப்பொருள் வெண்பாமாலையும் மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என அவ்வழியே செல்லும். இளம்பூரணர் இப்பகுப்பை மறுத்துத் தொல்காப்பியர் கருத்தை நிலைநாட்டுவர்.

இவ்வேறுபாடு விளையாட்டில் அப்படியே காணக்கிடக்கின்றது. விளையாட்டின் பேரரசுகள் தம் முகவர் வாயிலாக விடுக்கும் பணி வேந்துறு தொழில். ஆடுவோர் தாமே கூடிச் செய்யும் போர் தன்னுறு தொழில். முன்னதில் ஒழுங்குண்டு, எடை இல்லை. பின்னதில் எடையுண்டு, ஒழுங்கில்லை. புதிய பணிவகை இவ்விரண்டையும் ஒருங்கே கொள்ளல் வேண்டும்.

மற்றொரு கருத்து வேறுபாடும் உண்டு. தொல்காப்பியர் நிரை மீட்டலையும் வெட்சியினுள்ளேயே அடக்கினார். ஐயனாரிதனார் கரந்தை எனத் தனித்திணையாக்கினார். பிற்காலத்தார் பகுப்பே தெளிவுடையது என்பார் பலர். கவர்தல் ஒரு பூ, மீட்டல் ஒரு பூ எனின் மாணவர்க்கு எளிதில் விளங்கும் என்பது உண்மை. ஆயின் செயலிலக்கணமாக நோக்குமிடத்து, கவர்தலும் மீட்டலும் ஒரு செயலின் இரு கைகள்; ஒன்றின்றி மற்றொன்று இல்லை. தொல்காப்பியர் கருத்திற்கு அரண் செய்யும் சான்று வையைக் கரையில் உள்ளது.

புலிமான்கோம்பைக் கல்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் வையைக் கரையில் அமைந்த ஊர் புலிமான்கோம்பை. 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேராசிரியர் கா. இராசனும் ஆய்வாளரும் அங்குத் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டறிந்தனர். அவை கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்தன என்பது கல்வெட்டறிஞர் கருத்து. அவற்றுள் ஒன்று, பேடு என்னும் ஊரைச் சார்ந்த தீயன் அந்தவன் என்பானுக்குக் கூடலூர் ஆகோள் பற்றி எடுத்த கல் எனப் பொருள்படுவது. தொல்காப்பியர் வெட்சித் துறையாகக் கூறிய ஆகோள் என்னும் சொல்லே கல்லில் நிற்கின்றது. இலக்கண நூலின் கலைச்சொல் புலவர் கற்பனையன்று, ஊர் மக்கள் வாயில் வழங்கிய சொல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அக்கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் உள்ள இன்றைய கூடலூரே என்று கொள்வார் உளர். அங்ஙனமாயின், பூசல் நிகழ்ந்த இடமும் கல் நின்ற இடமும் ஒன்றற்கொன்று மிகச் சேயன. ஒருபால் மேற்கு மலைத்தொடரும் மறுபால் மேகமலை வரையும் நெருங்கி நிற்கும் அந்நிலத்தில், நிரையை ஓட்டிச் செல்வார்க்கு வழிகள் சிலவே. ஓடுவோர் வழியும் துரத்துவோர் வழியும் ஒன்றாகவே இருந்திருத்தல் வேண்டும்.

கல்லின் வாசகத்தில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அது பெயரையும் ஊரையும் இடத்தையும் செயலையும் கூறுகின்றது. அந்தவன் எப்பக்கத்தான் என்று கூறவில்லை. கவரச் சென்று பட்டானா, காக்க நின்று பட்டானா என்பதை எழுத்திலிருந்து அறிய இயலாது. பல்லவர் காலத்துச் செங்கம் பகுதி நடுகற்களோ தொறுக் கொண்டமையையும் தொறு மீட்டமையையும் வேறுபடக் கூறும். ஆங்கு எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, தலைவனோடு நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சுட்டி நினைவுகூரும். பிற்காலக் கற்கள் பக்கத்தைக் கூறுகின்றன. மிகப் பழைய கல் கூறவில்லை. தொல்காப்பியர் வெட்சியையும் கரந்தையையும் ஒரு திணையாகக் கொண்ட நோக்கும், இக்கல்லை நட்டோர் நோக்கும் தம்முள் ஒத்துச் செல்கின்றன. ஆகோள் என்றால் அதற்குள் இரு பக்கமும் அடங்கும், பட்டான் பட்டானே.

பணிவகையின் அமைப்பு

இனி, இவற்றால் பெறப்படும் பணிவகையை வகுத்துக் காண்பாம்.

முதற்கண் நிரை. விண்ணில் ஆவுக்கு ஒப்பாவது யாது? பகைவனின் கோட்டையன்று, கோட்டை உழிஞைக்குரியது. பொன்னும் அன்று; பொன் தானே நடவாது. ஆ என்பது நடக்கும் செல்வம், அஞ்சும் செல்வம், அடித்தால் அழியும் செல்வம். ஆதலின் ஆளில்லாச் சரக்குக் கலங்கள் பல, ஒரு வழிகாட்டு அலையைத் தொடர்ந்து கூட்டமாகச் செல்வனவாக அமைத்தல் வேண்டும். தொல்காப்பியர் ‘ஓம்பல்’ என்றார். நிரையை நோயின்றிச் செலுத்துதலைத் துறையாகவும் வைத்தார். எனவே நிரைக்கலத்தின்மேல் தவறிப் படும் ஒவ்வொரு வீச்சும் இரு பக்கத்தார்க்கும் இழப்பாதல் வேண்டும். எதிர்ப்பட்டதனைத்தையும் சுட்டு வீழ்த்தும் வழக்கத்திற்கு இவ்வொரு விதியே தடையாகும்.

இரண்டாவது, புறப்பாடு. வெட்சித் துறைகள் பதினான்கனுள் கவர்தலுக்கு முற்பட்டன பல என்பதை நினைக. விரிச்சி கேட்டல், ஒற்றரால் வேய் அறிதல், பகைவர் அறியாதவாறு செல்லல், ஊர்ப்புறத்தே தங்கல் என அவை விரியும். விரிச்சியாவது, அயலார் தம்முள் பேசும் சொல்லைத் தற்செயலாகக் கேட்டு நிமித்தம் கொள்வது. விளையாட்டில், அண்டை நிலையத்துப் பிற ஆடுவோர் தம்முள் பேசும் பேச்சின் சிறுதுணுக்கொன்று செவிப்படுமாறு செய்தால் அதுவே விரிச்சி. முழுச் செய்தியும் முன்னதாகவே எழுதித் தரப்படும் இன்றைய பணிகளில் இல்லாத ஐயமும் எச்சரிக்கையும் இதனால் பிறக்கும்.

மூன்றாவது, மீட்சி. இப்பணிவகையின் உயிர் ஈண்டே உளது. கவரச் செல்வோன் விரைந்து செல்வான். மீள்வோன் நிரையின் நடைக்கு ஏற்பவே மீள இயலும். போகும்போது புலியாய்ப் போனவன் வரும்போது இடையனாய் வருகிறான். காப்போர் துரத்திப் பற்றுதற்குரிய காலம் இவ்வேறுபாட்டால் தானே அமைகின்றது. செயற்கை விதி வேண்டுவதில்லை. இனி, கவர்தலை ஒரு பேரரசு விடுக்கும் பணியாகவும், மீட்டலை எவரும் விடுக்காத செயலாகவும் வைத்தல் வேண்டும். பூசல் ஒலி அப்பகுதியில் உள்ளார் அனைவர்க்கும் கேட்கும், எழுவார் எழுவர். இங்ஙனம் வேந்துறு தொழிலும் தன்னுறு தொழிலும் ஒரு பணிவகையின் இரு பாதிகளாகும். உரைப்பூசலில் எதிரெதிர் நின்ற இரு கருத்துகளும் ஒரு செயலினுள் இடம் பெறுவதைக் காண்க.

நான்காவது, பாதீடு. கவர்ந்த நிரையைப் பங்கிடுதல் தொல்காப்பியர் கூறும் துறை. வெண்பாமாலை, ஒற்றறிந்து வந்தார்க்கு மிகுத்துக் கொடுப்பதைப் புலனறி சிறப்பு எனவும், புள் நிமித்தம் கூறினார்க்குக் கொடுப்பதைப் பிள்ளை வழக்கு எனவும் தனித்துறைகளாகப் போற்றும். கொன்றவன் பெயரே கணக்கில் ஏறும் விளையாட்டுகளில், முன் சென்று கண்டு வந்தவனுக்குப் பங்கு குறைவு. ஒற்றனுக்கு மிகுதி என்னும் விதி, கொலைத்திறம் இல்லாதானுக்கும் போரில் மதிப்பிடம் தரும்.

ஐந்தாவதும் இறுதியும் கல். கல்லைக் காணல், கொணரத் தொடங்கல், நீராட்டல், நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல், வாழ்த்தல் என்னும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியர் வெட்சியின் பகுதியாகவே வைத்தார். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்துக் காதைகள் ஐந்திற்கு இந்நிலைகளின் பெயர்களையே சூட்டியதும் நாம் அறிந்தது. போரில் படாத ஒருத்திக்கும் அந்நிரல் பொருந்திற்று. ஆதலின் அது பின்னிற்போர் பிரிந்தார்க்குச் செய்யும் பொதுமுறை எனலாம். கூடலூருக்கு மேலே தமிழ்நாடு கேரள எல்லையில், 1963-இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி கோட்டம் எனக் கண்டு கூறிய மங்கலதேவி கோயில் உளது. சித்திரை முழுநிலா நாளில் மக்கள் அம்மலை ஏறி வழிபடுவர். ஆகோள் பூசல் நிகழ்ந்த பள்ளத்தாக்கே கல்நாட்டு மரபின் இலக்கியத்தையும் தன் தலைமேல் தாங்கி நிற்பது கருதத்தக்கது.

விண்ணில் கல்லுக்குக் குறைவில்லை. உடன் சென்றோர் தக்கதொரு விண்கல்லைத் தேடிக் கண்டு, இழுத்து வந்து, வழிகள் கூடுமிடத்தில் நிறுத்திப் பெயர் பொறித்தல் வேண்டும். அதன் வாசகம் நான்கே கூறுதல் வேண்டும்: பெயர், ஊர், இடம், செயல். பக்கம் கூறல் ஆகாது. புலிமான்கோம்பைக் கல்லிடம் யாம் கற்ற விதி இது. அங்ஙனம் நட்ட கல், பின்னர் அவ்வழிப் போவார்க்கெல்லாம், பகைவர்க்கும் கூட, வழிகாட்டும் குறியாகப் பயன்படுமாயின், ஒருவன் வீழ்ந்தமை உலகின் நிலப்படத்தையே சிறிது மாற்றியதாகும்.

தடையும் விடையும்

இதற்குத் தடைகள் சில எழும். விளையாட்டில் எவரும் இறப்பதில்லை. கலம் அழிந்தோன் புதுக்கலம் பெற்று மீள்வான். மீள்வானுக்குக் கல் நடுதல் பொய்ம்மை அன்றோ எனின், அத்தடை வலியுடையதே. அதற்கு விடை இரண்டு. வீழ்ந்தோன் அப்பூசல் முடியும்வரை மீளலாகாது என விதித்தல் ஒன்று. தனக்குத் தானே கல் நடுதல் ஆகாது, பிறர் உழைத்தே நடுதல் வேண்டும் என்பது மற்றொன்று. பிறர் தம் காலத்தைச் செலவிட்டு இழுத்து வந்த கல், ஆட்டத்தினுள் உண்மையான ஒன்றேயாம். கற்கள் மலிந்து மதிப்பிழக்கும் என்பார்க்கும் இதுவே விடை. உழைப்பு தேவைப்படுமிடத்து எல்லார்க்கும் கல் எழாது.

பிறிதொரு தடை நம்மவரிடமிருந்தே எழும். வெட்சி அறப்போரின் தொடக்கம், ஆக்களைப் போரினின்று காக்கும் அருட்செயல். அதனைக் களவாட்டமாக்குதல் தகுமோ என்பர். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் ஆவும் பிறரும் அரண் சேருமாறு முன்னறிவிக்கப்படுவது உண்மை. ஆயினும் ஆகோளை அடுத்து முன்னே நிற்கும் துறை ஊர்கொலை என்பதை மறத்தலாகாது. நிரைக்கு நோயில்லை, ஊரார்க்கு நோயுண்டு. இதனை மறைத்து வெட்சியை அறமென்றே புகழ்தல் நடுவுநிலையன்று. தொல்காப்பியர் கொலையையும் கூறினார், கொடையையும் கூறினார், கல்லையும் கூறினார். ஒன்றைக் கூறி ஒன்றை விட்டாரல்லர். போரை முழுமையாகக் காட்டும் இலக்கணம் போரைப் புகழும் இலக்கணமாகாது. பரிசை மட்டும் காட்டி நிற்கும் பணிவகையே போரைப் புகழ்வதாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். புறத்திணைத் துறைகள் பாட்டின் தலைப்புகள் மட்டுமல்ல. ஒன்றையொன்று ஈன்று செல்லும் செயல்நிரல். அந்நிரலின் இறுதி பொருளன்று, கல் என்பது மற்றொன்று. விண்போர் விளையாட்டிற்குப் புதிய பணிவகை தேடுவார் புதிய படைக்கலமும் புதிய பகையும் தேடி உழல்கின்றனர். அவர்க்கு வேண்டுவது புதிய முடிவு. வீழ்ந்தவனைப் பக்கம் பாராது பெயர் சுட்டி நிறுத்தும் முடிவை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வையைக் கரையில் ஊரார் சிலர் ஒரு சிறு கல்லில் எழுதி வைத்தனர்.

நம் முதுகலை மாணவருள் இவ்விளையாட்டுகளை ஆடுவோர் உளர். திணையும் துறையும் தேர்வுக்கு மட்டும் உரியன என அவர் எண்ணுவராயின், அது நாம் கற்பிக்கும் முறையின் குறையேயாம். வெட்சியைப் போன்றே உழிஞையும் தும்பையும் காஞ்சியும் இம்முறையில் ஆராய்தற்குரியன. காஞ்சி நிலையாமையைக் கூறும் திணை. அதனை ஒரு பணிவகையாக்குதல் இயலுமா என்பது அடுத்து எழும் அரிய வினாவாகும்.